கைப்பேசித் திரையும் இணையதள வடிவமைப்பும்

நம் நாட்டில் இணையத்தை நாடுவோரில் மிகப் பலருக்குக் கைப்பேசியே ஒரே கருவியாகும். எனினும், கணினியில் செவ்வனே தோன்றும் இணையதளங்கள் பல, கைப்பேசியில் பயன்படுத்துவதற்குக் கடினமாக உள்ளன. இதற்குக் காரணம் என்ன?

இணையப் பக்கங்கள் தொடக்கத்தில் கணினியின் அகன்ற திரைக்கென்றே அமைக்கப்பட்டன. கைப்பேசியில் இணைய வசதி வந்தபோது, பல நிறுவனங்கள் அதற்கெனத் தனியொரு சுருக்கப் பதிப்பை நடத்தின. இரண்டையும் ஒருங்கே பராமரிப்பது எளிதன்று. எனவே, சுருக்கப் பதிப்பில் தகவல்கள் விடுபட்டன, திருத்தங்கள் தாமதமாயின. திரையின் அகலத்திற்கேற்ப ஒரே பக்கம் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் முறையை 2010-ஆம் ஆண்டில் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் எடுத்துரைத்தார். இதனால் இரட்டைப் பதிப்பின் தேவை குறைந்தது. குறைகள் முற்றிலும் நீங்கவில்லை.

காரணம், வேலை நடைபெறும் வரிசையில் உள்ளது. பக்கம் பெரிய திரையில் வரையப்படுகிறது. அலுவலகத்தின் பெரிய திரையிலேயே ஒப்புதலும் பெறுகிறது. கைப்பேசி இறுதியில்தான் நினைவிற்கு வருகிறது. விளைவாக, அகன்ற அட்டவணைகள் திரைக்கு வெளியே நீள்கின்றன. பொத்தான்கள் விரலுக்கு எட்டாதவாறு நெருங்கி நிற்கின்றன. பெரிய படங்கள் சிறியனவாகத் தோன்றினும், முழு அளவிலேயே அனுப்பப்படும்போது அதற்கான தரவுச் செலவு பயனாளியையே சாரும்.

இஃது அழகு பற்றிய குறையன்று. உதவித்தொகை விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிறைவு செய்ய இயலாத மாணவர், கட்டணம் செலுத்தி இணைய சேவை மையத்தை நாட வேண்டியவராகிறார். அல்லது இறுதி நாளைத் தவறவிடுகிறார்.

இதற்கான நெறிகள் ஏற்கெனவே உள்ளன. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, 320 பிக்சல் அகலத்திலும் எழுத்துப் பகுதியைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்கிறது. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடங்கள் பொதுவாக 24 பிக்சலுக்குக் குறையலாகாது என வரையறுக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இல் வெளியாயின. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பு கைப்பேசிச் செயலிகளையும் உள்ளடக்கியது.

ஆகவே, வடிவமைப்பைச் சிறிய திரையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஒப்புதல் அளிக்கும் அலுவலர், விலை குறைந்த கைப்பேசியொன்றில், வேகம் குறைந்த இணைப்பில், விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவுவரை தாமே நிரப்பிப் பார்ப்பது நலம். அவ்வாறு நிரப்ப இயலாத பக்கத்திற்கு ஒப்புதல் அளித்தலாகாது.