ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரு நெட்வொர்க்: செலவில்லாமல் கற்றுக் கொள்ளலாம்

நெட்வொர்க்கிங் படிக்க வரும் மாணவர்கள் பலர் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே ஆகியவற்றிற்கு மனப்பாடமாக விளக்கம் சொல்வார்கள். ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து, "இது ஏன் பேசவில்லை?" என்று கேட்டால் விழிப்பார்கள். பிளஸ் டூ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புத்தகத்தில் நெட்வொர்க் பற்றிப் பாடங்கள் உள்ளன. பழுதாக்கிப் பார்த்துச் சரி செய்யத்தான் ஒரு நெட்வொர்க் கிடைப்பதில்லை. ஓடிக் கொண்டிருக்கும் அலுவலக நெட்வொர்க்கில் யாராவது கை வைக்க விடுவார்களா?

வேதாரண்யத்தில் விடுமுறை நாட்களில் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். என்னிடம் ரௌட்டரும் ஸ்விட்சும் அடுக்கிய லேப் இல்லை. 4 ஜிபி ராம் உள்ள ஒரு கம்ப்யூட்டர்தான் லேப். இந்தத் திறமை நம் ஊருக்குத் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த பின்னர், தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் பார்த்தோம். அறுந்ததை இணைக்கத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பது நல்லது.

என்ன தேவை?

இரண்டு இலவச சாப்ட்வேர்கள் போதும். முதலாவது வர்ச்சுவல்பாக்ஸ். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைப் பாவனையாக இயக்கும் புரோகிராம் இது. இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007ல் இதனை ஓப்பன் சோர்சாகத் தந்தது. 2008ல் சன் நிறுவனத்திற்கும், 2010ல் ஆரக்கிளுக்கும் கை மாறியது. இரண்டாவது டைனிகோர் லினக்ஸ். இதன் ஐஎஸ்ஓ பைல் சுமார் 25 எம்பிதான். ஹார்ட் டிஸ்க் இல்லாமலேயே ராமில் ஓடும். ஒரு முறை டவுண்லோட் செய்து பென் டிரைவில் வைத்துக் கொண்டால், அதன் பின்னர் இன்டர்நெட் தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பு முதல், பிராசசரின் வர்ச்சுவலைசேஷன் வசதி கட்டாயம். மெஷின் கிளம்பவில்லை என்றால் பயாஸ் சென்று, இன்டெல் ஆனால் விடி-எக்ஸ், ஏஎம்டி ஆனால் எஸ்விஎம் என்பதனை இயக்கி வைக்கவும்.

லேப் அமைக்கும் வழி

1. வர்ச்சுவல்பாக்ஸில் நியூ கிளிக் செய்து, லினக்ஸ் வகையில் ஒரு மெஷின் உருவாக்கவும். ராம் 256 எம்பி போதும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்பதனைத் தேர்ந்தெடுத்து, டைனிகோர் ஐஎஸ்ஓ பைலை சிடி டிரைவில் இணைக்கவும்.

2. இந்த மெஷினை இரண்டு முறை க்ளோன் செய்திடவும். அப்போது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களுக்கும் புதிய மேக் முகவரி தரும்படி குறிப்பிடவும். இல்லை என்றால் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டது போலக் குழப்பம் வரும்.

3. மூன்றுக்கும் முத்து, ரௌட்டர், செல்வி எனப் பெயரிடவும். முத்துவின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பிரிவு சென்று, அடாப்டர் 1ஐ இன்டர்னல் நெட்வொர்க் என மாற்றி, தோப்புத்துறை என ஆங்கில எழுத்துகளில் பெயர் தரவும். செல்விக்கு அதே போலக் கோடியக்கரை என்று தரவும். ரௌட்டருக்கு அடாப்டர் 1 தோப்புத்துறை, அடாப்டர் 2 கோடியக்கரை.

4. மூன்றையும் இயக்கி, கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கிளிக் செய்திடவும். முத்துவுக்கு 192.168.1.10, கேட்வே 192.168.1.1. செல்விக்கு 192.168.2.10, கேட்வே 192.168.2.1. ரௌட்டரில் ஈத்0 என்பதற்கு 192.168.1.1, ஈத்1 என்பதற்கு 192.168.2.1. ரௌட்டருக்குக் கேட்வே தேவையில்லை. மாஸ்க் எல்லாவற்றிற்கும் 255.255.255.0. அப்ளை கிளிக் செய்திடவும்.

பிரிட்ஜ்ட் என்ற வகையை மட்டும் இப்போது தொட வேண்டாம். அது உங்கள் பாவனை மெஷின்களை நிஜ நெட்வொர்க்கிற்குள் நுழைத்து விடும்.

சோதனை ஒன்று: மூடிய மதகு

முத்துவின் டெர்மினலில் 192.168.1.1க்கு பிங் கொடுங்கள். பதில் வரும். 192.168.2.1க்கும் வரும். "ரௌட்டர் வேலை செய்கிறது" என்று மாணவர்கள் சொல்லி விடுவார்கள். இப்போது செல்வியின் 192.168.2.10க்கு பிங் கொடுக்கச் சொல்வேன். பதில் இல்லை!

இரண்டு முகவரிகளும் ரௌட்டருடையவை. எனவே அது தனக்கு வந்ததற்குத் தானே பதில் சொன்னது. மற்றவருக்கு வந்ததைத் தள்ளி விடுவது வேறு வேலை. அந்த ஐபி பார்வர்டிங் வசதி தற்போது 0 என நிறுத்தப்பட்டுள்ளது. கல்லணைக்குத் தண்ணீர் வந்து விட்டால் கடைமடைக்கு வந்து விட்டதாக ஆகுமா? அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து, மதகைத் திறந்து விட வேண்டுமே. ரௌட்டரின் டெர்மினலில், சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ நெட்.ஐபிவி4.ஐபி_பார்வர்ட்=1 என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். மதகு திறந்தது, செல்வி பதில் தருவார்.

சோதனை இரண்டு: திரும்பும் வழி

செல்வியை ரீஸ்டார்ட் செய்திடுங்கள். ராமில் ஓடுவதால் எல்லாம் மறந்து போயிருக்கும். மீண்டும் அதே ஐபி முகவரி தாருங்கள்; கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். முத்துவிலிருந்து பிங் கொடுத்தால் மீண்டும் மௌனம். மாணவர்கள் முத்துவையும் ரௌட்டரையும் குடைவார்கள். அங்கே பழுது எதுவும் இல்லை.

பிங் ஓடும்போதே செல்வியில் இஃப்கான்பிக் கட்டளையைச் சில முறை கொடுங்கள். ஆர்எக்ஸ் பாக்கெட்ஸ் எண்ணிக்கை கூடிக் கொண்டே போகும். அதாவது கடிதம் வந்து சேர்கிறது. பதில் அனுப்பத்தான் வழி தெரியவில்லை. செல்வியிலிருந்து முத்துவுக்கு பிங் கொடுத்தால், "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என உடனே செய்தி வரும். முத்துவில் மௌனம், செல்வியில் மறுப்பு. போகும் வழி தெரியாத மெஷின் மறுக்கும். பதில் திரும்பாத மெஷின் காத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டு கொண்டவர் பாதிப் பழுதைக் கண்டு கொண்டவர்.

இங்கேதான் கல்லணை உதாரணமும் நின்று விடுகிறது. ஆற்று நீர் கடலுக்குப் போனால் போனதுதான். பாக்கெட் அப்படி அல்ல. போன வழியைப் போலவே திரும்பும் வழியும் இருந்தால்தான் அது தொடர்பு. இந்த ஒரு வரியை எத்தனை முறை சொன்னாலும் பதியாது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் மறக்காது.

கேபிளை மட்டும் கையால் செய்யுங்கள்

வர்ச்சுவல்பாக்ஸில் கம்பி அறுவதில்லை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் கனெக்டர் பின்கள் பாழாவதும் அங்கே தெரியாது. எனவே பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிரிம்பிங் டூல், கொஞ்சம் கேட்5ஈ கேபிள், சில ஆர்ஜே45 கனெக்டர்கள் வாங்கிக் கொள்ளுங்கள். 568பி வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். 100 எம்பிபிஎஸ் இணைப்பிற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே பயன்படுகின்றன. ஜிகாபிட்டிற்கு எட்டும் வேண்டும். வேகம் ஏறாத கேபிளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் சில வீடுகளில் பரணில் இருக்கும். இன்றைய வர்ச்சுவல்பாக்ஸை அவை தாங்காமல் போகலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து டைனிகோரை பூட் செய்தால் போதும். நீங்களே கிரிம்ப் செய்த கேபிளில் இரண்டு லேப்டாப்களை இணைத்து, ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ஐபி முகவரிகள் தந்து பிங் கொடுங்கள்.

பின்னர் நண்பர்கள் இருவராக அமருங்கள். ஒருவர் மறைவாக ஒரு பழுதை வைக்கட்டும். மாஸ்கை மாற்றலாம்; பார்வர்டிங்கை நிறுத்தலாம்; கேட்வேயில் ஓர் எண்ணைத் திருத்தலாம். மற்றவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். என் வகுப்பில் தேர்வு இதுதான்.