செவ்விதாக்கமும் ஒப்புநோக்கலும்

நாம் எழுதும் ஆக்கம் ஒன்று சஞ்சிகையில் வெளிவருவதற்கு முன் இருவர் அதனைப் பார்க்க வேண்டும். ஒருவர் செவ்விதாக்குபவர், மற்றவர் ஒப்புநோக்குநர். இருவரையும் 'பிழை திருத்துபவர்' என்றே நாம் அழைத்துவிடுகிறோம். ஆனால் இருவரது பணியும் வெவ்வேறானவை.

செவ்விதாக்கம் பக்கம் அமைப்பதற்கு முன் நடைபெறுவது. வாக்கியம் பொருள் தருகிறதா, கூறியதே மீண்டும் கூறப்பட்டுள்ளதா, தகவல் சரியா, ஒரு பெயர் எல்லா இடத்திலும் ஒரே விதமாக எழுதப்பட்டுள்ளதா என்பன அப்போது கவனிக்கப்படும். ஒப்புநோக்கல் பக்கம் அமைத்த பின் நடைபெறுவது. செவ்விதாக்கிய பிரதியையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா எனப் பார்ப்பதே அது.

ஒரு மாணவி, 'அறிஞர் சித்திலெப்பை 1892இல் கண்டியில் முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்தார்' என எழுதியதாக வைத்துக்கொள்வோம். இதில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அப்பத்திரிகை ஆரம்பமானது 1882இல். இதனைக் கண்டு, மாணவியிடம் கேட்டுத் திருத்துவது செவ்விதாக்குபவரின் பொறுப்பு. திருத்திய 1882, கணினியில் பதியும்போது 1828 ஆகிவிட்டால்? 1838இல் பிறந்த அறிஞர், பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பத்திரிகை நடத்தியவராகிவிடுவார்! அதைப் பிடிக்க வேண்டியவர் ஒப்புநோக்குநர். 'பள்ளிவாசல்' 'பல்லிவாசல்' ஆகிவிடாமல் காப்பவரும் அவரே.

அல்குர்ஆன் அச்சுப்பணி இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். அரபு மூலத்தில் செவ்விதாக்கத்துக்கு இடமே இல்லை. ஒப்புநோக்கல் மட்டுமே உண்டு. மதீனாவிலுள்ள மன்னர் பஹ்த் அச்சகத்தில் எழுத்தையும் ஹரகத்தையும் அறிஞர் குழு சரிபார்க்கிறது. மொழிபெயர்ப்போ மனிதரின் சொல். அதற்கு இரண்டும் தேவை.

மாணவிகளே, அச்சுப்படி கைக்கு வந்த பின் புதிய வாக்கியங்களைச் சேர்க்காதீர்கள். ஒரு வரி கூடினால் பக்கமே நகர்ந்து புதுப் பிழைகள் தோன்றும். வாக்கியத்தைச் சீர்செய்யும் காலம் அதற்கு முந்தியது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். கருத்து விளங்காவிட்டால், "நீங்கள் இதில் சொல்ல வந்தது என்ன மகள்?" என்று கேளுங்கள், அவரே மீண்டும் எழுதட்டும். நாமே மாற்றி எழுதிக் கொடுத்தால், அச்சில் பெயர் மட்டுமே பிள்ளையுடையதாக இருக்கும்.