புராஜெக்டுக்கு மூல நிரல்: முறையாகப் பெறும் வழி



பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து திருச்சிக்குப் போய்க் கணினி அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டில் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். சிலர் அதைக் கடைகளில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஆயத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கல்வி உதவி கேட்டு வரும் குடும்பங்களில் சில, இந்தச் செலவையும் சேர்த்தே நம்மிடம் சொல்கின்றன. இந்தச் செலவுக்கு அவசியமே இல்லை என்பதை விளக்கவே இந்தப் பாடம்.

மூல நிரல் என்றால் என்ன?

தைத்த சட்டையைப் பார்த்து மட்டும் தையல் கற்க முடியாது. துணியை வெட்டிய அளவும் வேண்டும். மென்பொருளுக்கு அந்த அளவுதான் சோர்ஸ் கோடு எனப்படும் மூல நிரல். அதை எல்லோருக்கும் திறந்து வைப்பதே திறந்த மூல மென்பொருள்.

இது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கியது.

கேட்பது உரிமையா?

ஆம். லினக்ஸின் மையப் பகுதி ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் கீழ் வருகிறது. 1991இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பின்படி, மென்பொருளைக் கொடுப்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். அதற்கு நகலெடுத்து அனுப்பும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது.

பெறும் வழிகள்

1. மென்பொருளின் இணையதளத்தில் ‘டவுன்லோடு’ என்றிருப்பது பெரும்பாலும் இயங்கும் மென்பொருளையே தரும். ‘சோர்ஸ்’ என்ற இணைப்பைத் தேடுங்கள்.

2. கிட்ஹப் போன்ற தளங்களில் முழு நிரலையும் ஜிப் கோப்பாக இறக்கலாம். ‘கிட் குளோன்’ கட்டளையால் எடுத்தால், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் சேர்ந்து வரும்.

3. டெபியன் வகை லினக்ஸில், மூல நிரல் களஞ்சியத்தை அமைப்புகளில் இயக்கிவிட்டு, ‘ஆப்ட் சோர்ஸ்’ கட்டளையுடன் மென்பொருளின் பெயரைக் கொடுங்கள். ‘ஹலோ’ என்னும் சிறிய மென்பொருளில் தொடங்குவது எளிது.

4. இறக்கியதும் ‘லைசென்ஸ்’ கோப்பைப் படியுங்கள். அது இல்லாவிட்டால், நிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் பயன்படுத்த அனுமதி இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

பெற்ற பின்

நூலகங்களில் பயன்படும் கோஹா, நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது, அதுவும் ஜி.பி.எல். உரிமம் கொண்டதே. அதன் நிரலை எடுத்து, ஒரு பகுதியைப் புரிந்துகொண்டு, புதிய வசதி ஒன்றைச் சேர்த்தால் அதுவே நல்ல புராஜெக்ட். எது பிறர் எழுதியது, எது தாம் சேர்த்தது என்பதை வழிகாட்டும் ஆசிரியரிடம் சொல்லி, அறிக்கையிலும் எழுத வேண்டும். பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவது அமானிதத்துக்கு மாற்றம். விலைக்கு வாங்கிய புராஜெக்டைக் கொண்டு மதிப்பெண் பெறலாம். நேர்முகத் தேர்வில் ஒரு வரியை விளக்கச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

மலையில் சிக்னல் கிடைக்காத மாணவர்கள் ஒரு பென்டிரைவுடன் நமது அலுவலகம் வந்தால், இன்ஷா அல்லாஹ், வேண்டிய நிரலை இறக்கித் தருகிறோம். கட்டணம் கிடையாது.