வெலானாவில் பகலில் இறங்குங்கள்

மாலத்தீவுக்கு டிக்கெட் போடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் வெலானா விமான நிலையத்தில் இறங்கிவிட்டால் நல்லது. அதற்காகச் சில ஆயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. தூரத்து ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். விமானி அலையைக் கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். மூன்றரை மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கு இடம் கிடைக்காது. மாலை ஐந்து மணிக்கு வந்து, காசு கட்டிய ரிசார்ட்டைக் கண்ணாலும் பார்க்காமல் ஊருக்குள் அறை தேடிப் போன புதுமணத் தம்பதியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த விமான நிலையமே ஒரு தீவு. பெயர் ஹுல்ஹுலே. தலைநகர் மாலே பக்கத்துத் தீவு. 1966-இல் தார் போட்ட ஓடுபாதை திறக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் இப்ராஹிம் நாசிர். அவருடைய குடும்ப வீட்டின் பெயரைத்தான் 2017-இல் இதற்கு வைத்தார்கள். 2018-இல் 3,400 மீட்டர் நீளத்தில் புது ஓடுபாதை வந்தது. 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். பழைய கட்டடத்தின் நெரிசலில் நின்றவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

விசாவுக்கு முன்கூட்டியே அலைய வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கு இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

சுங்கச் சோதனையில் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழிபாட்டுக்கான சிலைகளை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. பெட்டியில் ஒரு சின்னப் பிள்ளையார் இல்லாமல் கிளம்பாத குடும்பம் என்றால் அவரை இந்த ஒரு பயணத்துக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள். பன்றி இறைச்சி, மின் சிகரெட் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. கொழும்பிலோ துபாயிலோ விமானம் மாறும்போது வாங்கிய மது பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். ஊர் திரும்பும்போது அதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

வருகை வாசலைத் தாண்டினால் ரிசார்ட்டுகளின் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் ரிசார்ட்டின் கவுன்டர் எண்ணை முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் தேட வேண்டியதில்லை. வெளியே கொஞ்ச தூரத்திலேயே கடல். டாக்ஸி நிற்க வேண்டிய இடத்தில் படகுகள் நிற்கும். படகுத்துறை ஓரம் குனிந்து பாருங்கள். அத்தனை படகுப் போக்குவரத்துக்கு நடுவிலும் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்புவது தெரியும்.

கடல் விமானத்துக்கு ஓடுபாதையின் மறுபக்கம் நூவிலு என்ற தனி முனையம் இருக்கிறது. பஸ்ஸில் அழைத்துப் போவார்கள். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்குக் காசு. புறப்படும் நேரத்தை முந்தைய நாள்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால் டிக்கெட்டை ரிசார்ட் மூலமாகவே போடுங்கள். கட்டணம் கனமானதுதான், பல இடங்களில் போய்வர ஒருவருக்கு 400 டாலருக்கு மேல். ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். இஞ்சின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பணியாளர்கள் வெறுங்காலோடு கயிற்றை அவிழ்ப்பார்கள். ஜன்னல் முழுக்க நுரை அடிக்கும். அது விலகும்போது கீழே பவளத் திட்டுகள் பச்சை வளையங்களாகத் தெரியும். பெரிய விமானத்தின் ஜன்னல் இவ்வளவு கிட்டத்தில் இதைக் காட்டாது.

செலவைச் சுருக்க நினைப்பவர்களுக்கு மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகள் ஏற்றவை. விமான நிலையத் துறையிலிருந்தே ஸ்பீட் போட் கிடைக்கும், அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அரசுப் படகு மிக மலிவு, ஆனால் மாலேயிலிருந்துதான் கிளம்பும், வெள்ளிக்கிழமை ஓடாது. மாலேக்குப் படகில் பத்து நிமிடம். 2018-இல் கட்டிய பாலம் வழியாக பஸ்ஸும் டாக்ஸியும் போகின்றன. இரவில் இறங்குபவர்கள் சாலை வழியாகவே பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலே போய்த் தூங்கிவிட்டுக் காலையில் திரும்புவது உத்தமம்.

டாலரைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நாணயமான ரூஃபியாவைக் கொஞ்சமாக மாற்றினால் போதும், ஊருக்குக் கொண்டுவந்தால் வாங்க ஆள் இருக்காது. நேரம் நம்மைவிட அரை மணி பின்தங்கியது. சில ரிசார்ட்டுகள் மட்டும் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். திரும்பும் நாளில் படகு நேரம் சொல்லும்போது அது தீவின் நேரமா, மாலே நேரமா என்று வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இமுகா படிவத்தைக் கிளம்பும்போதும் ஒருமுறை நிரப்ப வேண்டும். தீவில் வைஃபை இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.