குளிர்காலத்தில் டிராக்டர் ஹைட்ராலிக் தாமதமாக இயங்குதல்: காரணமும் பரிகாரமும்

நீலகிரி ஜில்லாவில் உதகை, கேத்தி முதலிய பகுதிகள் கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளவை. இங்கு மார்கழி, தை மாதங்களில் நீர்ப்பனி உறைபனியாக மாறி, விடியற்காலையில் புல்தரை வெண்மையாகத் தோன்றுவது யாவரும் அறிந்ததே. இதே சமயத்தில்தான் நீர்ப்போக உருளைக்கிழங்கு நடவுக்கு நிலம் தயார் செய்யவேண்டியிருக்கிறது. ஆனால் காலையில் டிராக்டரைக் கிளப்பிய பின் லீவரை உயர்த்தினால், கலப்பை உடனே எழும்பாமல் மெதுவாக அசைந்து பாதியில் நிற்பதும், பம்பு ஊளையிடுவதும் பல விவசாயிகள் கூறும் குறையாகும்.

எண்ணெயின் தன்மை

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் இறுகிவிடுவதை நம் வீடுகளில் காண்கிறோம். ஹைட்ராலிக் எண்ணெய் அவ்வாறு உறைந்துபோவதில்லையாயினும், குளிர் மிகுந்தால் பாகு போலத் தடித்துவிடுகிறது. சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் 40 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும் தடிப்பைப் போல, 0 டிகிரியில் ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பாகிவிடும். அப்பொழுது பம்பு சுழன்றாலும், வடிகட்டியின் நுண்ணிய கண்கள் வழியாகப் போதிய எண்ணெய் வந்து சேருவதில்லை. பம்பின் வாயில் வெற்றிடம் உண்டாகி, எண்ணெயில் கரைந்துள்ள காற்று குமிழிகளாக வெளிப்படுகிறது. அக்குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கி உடையும்போதே ஊளைச் சத்தம் கேட்கிறது. இது நீடித்தால் பம்பின் உட்பாகங்களில் சிறு பள்ளங்கள் விழுந்து, பம்பே பயனற்றுப்போகும்.

குளிர்ந்த நிலையும் சூடான நிலையும்

யந்திரத்தைப் பிரிக்கு முன், குறை எப்பொழுது தோன்றுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

1. காலையில் மந்தம், ஒரு மணி நேரம் ஓடிய பின் சரியாகிறது என்றால், எண்ணெய் தடிப்பானது, அல்லது வடிகட்டி அடைபட்டிருக்கிறது, அல்லது எண்ணெய் உறிஞ்சும் வழியில் தடை இருக்கிறது.

2. காலையில் நன்றாகத் தூக்கி, சூடேறிய பின் மந்தமானால், பம்போ, பிஸ்டன் ஸீலோ தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிகிறது. அல்லது எண்ணெய் மிக நீர்த்திருக்கிறது.

3. எப்பொழுதும் மந்தமென்றால், எண்ணெயின் அளவு, வடிகட்டி, ரிலீப் வால்வு ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும்.

4. தூக்குவது சரியாயிருந்து இறங்குவது மட்டும் மெதுவாயிருப்பின், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு முடப்பட்டிருக்கலாம். இதற்குப் பணச் செலவே இல்லை.

இந்த வேறுபாட்டை அறியாமையால் விளைந்த நஷ்டத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு பள்ளத்தாக்கில் விவசாயி ஒருவருடைய டிராக்டர் காலையில் தூக்கவில்லையென்று பம்பு முழுவதும் மாற்றப்பட்டது. மறுநாள் காலையிலும் அதே குறை. நான் சென்று வடிகட்டியை வெளியே எடுக்கச் செய்தபோது, நார்த் துணுக்குகளும் சேறு போன்ற கசடும் அதை மூடியிருந்தன; எண்ணெயோ பால் நிறமாக இருந்தது. வடிகட்டியைக் கழுவி, எண்ணெயை மாற்றிய அன்றே கலப்பை எழுந்தது. ஆனால் அதற்குள் பத்து நாட்கள் கழிந்து, முளைவிட்ட விதைக்கிழங்கு மூட்டைகளிலேயே வாடிவிட்டது. பம்பின் விலையைவிட அந்த விதையின் நஷ்டமே அவரை அதிகம் வருத்தியது.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்க. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கருவியை முழுவதும் தரையில் இறக்கி, எண்ணெயின் அளவைப் பார்க்கவும். சரிவில் நிறுத்திப் பார்க்கும் அளவு பொய்யாகும். பிறகு சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துப் பார்த்தால், பால் நிறம் நீர் கலந்ததையும், நுரை காற்றுப் புகுவதையும் காட்டும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் மலைப்பிரதேசத்தில், எண்ணெய்த் தொட்டியினுள் ஈரக்காற்று பனித்து நீராவது இயல்பு. உறைபனிக் காலத்தில் அந்நீர் வடிகட்டியில் பனிக்கட்டியாகி வழியை அடைப்பதுமுண்டு. அடுத்து வடிகட்டியைக் கழுவுக அல்லது மாற்றுக. உறிஞ்சு குழாயின் இணைப்புகளை இறுக்குக. இவ்வளவும் செய்து பயனில்லாவிடில் மட்டுமே, அழுத்தமானி உள்ள மெக்கானிக்கைக் கொண்டு ரிலீப் வால்வையும் பம்பையும் சோதிக்கவேண்டும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

சமவெளியில் உபயோகமாகும் எஸ்.ஏ.இ. 90 எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும் என்ற உறுதி இல்லை. 80டபிள்யூ, 20டபிள்யூ என்பன போன்ற குறிகளில் உள்ள டபிள்யூ, குளிர்கால ஓட்டம் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். கியர் ஆயிலின் எண்களும் என்ஜின் ஆயிலின் எண்களும் வேறு வேறு அளவுகோல்கள் ஆதலால் ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. யந்திரத்துடன் கொடுக்கப்பட்ட புத்தகத்தில், குளிர்ப் பிரதேசத்திற்கென்று குறித்துள்ள எண்ணெயையே வாங்குக. பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். தகாத எண்ணெய் ஊற்றினால் லிப்டு மட்டுமன்றிப் பிரேக்கும் கெடும். மலைச்சரிவில் பிரேக் தவறுவது உயிருக்கே ஆபத்து.

காலையில் செய்யவேண்டியது

என்ஜின் சூடாகிவிட்டதனால் ஹைட்ராலிக் எண்ணெயும் சூடாகிவிட்டதென்று எண்ணலாகாது. அது தனித் தொட்டியில் அல்லது கியர்ப் பெட்டியில் இருப்பதால் பின்னரே சூடேறும். ஆகவே சுமையின்றி, மெதுவான வேகத்திற்குச் சற்று மேலாக ஐந்து முதல் பத்து நிமிஷம் ஓடவிடுக. பின்பு லிப்டை முழு உயரத்திற்குச் செல்லவிடாமல் பல தடவை மெதுவாக ஏற்றி இறக்குக. சமதரையில் சிறிது தூரம் ஓட்டிய பிறகே கலப்பையை நிலத்தில் இடுக. எடுத்த எடுப்பில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், எண்ணெய் கிடைக்காத பம்பு இன்னும் வேகமாகச் சுழன்று கெடும்.

செய்யத் தகாதவை

மண்ணெண்ணெயோ டீஸலோ கலந்து எண்ணெயை இளக்குவது கூடாது. வெயில் ஏறியதும் அது மிக நீர்த்து, கியரும் பம்பும் உராய்ந்து தேயும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் விறகு மூட்டிச் சூடேற்றுவதும், அடைத்த கொட்டகையினுள் என்ஜினை ஓடவிடுவதும் அபாயகரமானவை. என்ஜின் புகையிலுள்ள விஷவாயு கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாமலே உயிரை வாங்கும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம். ஊசித் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்; தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டே போதும். தூக்கிய கலப்பையின் கீழ் முட்டுக்கட்டை வைக்காமல் ஒருவரும் நுழையலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

வாடகை டிராக்டர் ஒன்று பல குடும்பங்களின் நடவுக்கு உழைக்கும் கிராமங்களில், அதன் எண்ணெய் மாற்றிய தேதியும் வடிகட்டி கழுவிய தேதியும் ஒரு சிறு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிவது நலம். கார்த்திகை முடிவதற்குள் இவ்விரண்டையும் செய்து முடித்தால், தை மாத உறைபனியிலும் கலப்பை தயங்காது. விதைக்கிழங்கு உரிய காலத்தில் மண்ணுக்குள் சென்றுவிடும்.