உறைந்த மீன் வணிகமும் அளவை நேர்மையும்



ஆட்டிறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார், பிஸ்மி சொல்லி அறுத்தாரா என்று பலமுறை விசாரிக்கிறோம். மீன் என்றால் அந்த விசாரணை இல்லை. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்பது நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரிந்த மஸ்அலா. எனவே உறைந்த மீன் பொட்டலத்தைக் கவலையின்றி வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் மீன் ஹலாலாக இருப்பது வேறு. அதை விற்ற காசு ஹலாலாக இருப்பது வேறு. இதைப் பற்றி இம்மாதப் பாடத்தில் காண்போம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் நாடு அது. அங்கே உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அத்தீவுக்கு உணவு அனுப்புகின்றன. வியட்நாமிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறால் வருகிறது; நார்வேயிலிருந்து சால்மன் வருகிறது. பிடித்தவரையோ உறைய வைத்தவரையோ வாங்குபவர் பார்ப்பதில்லை. இடையில் நிற்கும் இறக்குமதியாளர் ஒருவரை நம்பியே அடுப்பு எரிகிறது.

தொலைவிலிருந்து வரும் கடலுணவு இஸ்லாத்துக்குப் புதிதன்று. அபூ உபைதா (ரலி) அவர்கள் தலைமையில் கடற்கரைக்குச் சென்ற 300 பேர் கொண்ட படை, உணவு தீர்ந்து, ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலைக்கு வந்தது. அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. ஸஹாபாக்கள் அதைப் பல நாட்கள் உண்டார்கள். மிச்சத்தை மதீனாவுக்குக் கொண்டுவந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள். ஆகவே சேமித்துக் கொண்டுவருவதில் குற்றமில்லை. விற்கும் முறையில்தான் சோதனை இருக்கிறது.

சென்ற ஆண்டு அங்குள்ள என் அக்காள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். விருந்துக்கென்று அக்காள் மகள் உறைந்த இறால் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். மேலே ‘எடை 1 கிலோ’ என்று போட்டிருந்தது. மேலிருந்த ஐஸ் ஓட்டைக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு, ஏதோ நினைவில் தராசில் வைத்தாள். 780 கிராம்தான் இருந்தது.

“மாமா, மீதி எங்கே போச்சு?” என்று கேட்டாள்.

“குழாயடியில் ஓடிப்போச்சும்மா” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐஸ் பூச்சு ஏன்?

வியாபாரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். உறைந்த மீனையும் இறாலையும் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தோ, நீரைத் தெளித்தோ மெல்லிய ஐஸ் ஓடு போர்த்துகிறார்கள். இது இல்லாவிட்டால் குளிர்சாதன அறையின் காற்றில் மீன் வறண்டு, வெளுத்து, அதன் கொழுப்பு காறிப்போகும். எனவே பூச்சு மோசடியன்று, பாதுகாப்பு. மேலும், இளகும்போது மீனின் உள்ளிருந்தே கொஞ்சம் நீர் வடியும். அதையும் பூச்சின் கணக்கில் சேர்த்து வியாபாரியைக் குற்றம் சாட்டலாகாது.

ஆனால் அந்த ஓட்டை வேண்டுமென்றே தடிமனாக்கி, மீனோடு சேர்த்து நிறுத்து, மீனின் விலைக்கு விற்பது வேறு காரியம். உறைந்த இறாலுக்கான கோடெக்ஸ் என்னும் பன்னாட்டுத் தரவிதி, நிகர எடையில் ஐஸ் பூச்சைச் சேர்க்கக் கூடாது என்றே கூறுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ என்று 20 வெள்ளிக்கு விற்ற பொட்டலத்தில் 800 கிராம் இறால் இருந்தால், வாங்கியவர் கிலோவுக்கு 25 வெள்ளி கொடுத்திருக்கிறார். இப்படி ஆயிரம் பொட்டலம் விற்றவர் 200 கிலோ தண்ணீரை இறால் விலைக்கு விற்றிருக்கிறார். அந்தக் காசில் பரக்கத்தை எங்கே தேடுவது?

ஈரம் பட்ட விரல்கள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஓர் உணவுக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதனுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

கவனியுங்கள்: மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். ஐஸ் பூச்சுக்கும் இதே தீர்ப்புத்தான். அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று எச்சரிக்கவே திருக்குர்ஆனில் ‘அல்முதஃப்ஃபிஃபீன்’ என்னும் தனி அத்தியாயம் இருப்பதை மறக்கலாகாது.

இறக்குமதியாளர் அறிய வேண்டியவை

ஒன்று: ஐஸ் நீங்கிய நிகர எடையை உறையின்மேல் தெளிவாக எழுதி, அதற்கே விலை வைக்க வேண்டும்.

இரண்டு: உறைந்த மீன் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வர வேண்டும். வழியில் மின்சாரம் நின்று மீன் இளகியதை, கொள்கலனின் வெப்பப் பதிவு அவருக்குக் காட்டிவிடும், வாங்குபவருக்குக் காட்டாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை குளிர் குறைந்து கெட்டால் ஹிஸ்டமின் என்னும் நச்சு உண்டாகும். மறுபடி உறைய வைத்தாலும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. கேடு தரும் சரக்கை விலை குறைத்தும் விற்கலாகாது.

மூன்று: உணவுப் பொருளை வாங்கியவர் அதைக் கைவசப்படுத்தும் முன் விற்பதை நபிமொழி தடுக்கிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே சரக்கைக் கைமாற்றுவோர் தம் ஒப்பந்தத்தை ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெற வேண்டும்.

சிங்கப்பூரில் 2019 முதல் உணவு முகமை என்ற அரசு அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. இறக்குமதியாளருக்கு உரிமமும், வரும் ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதியும் வேண்டும். ஆயினும் அதிகாரி மாதிரிக்குச் சிலவற்றைத்தான் திறந்து பார்க்க முடியும். எல்லாப் பொட்டலங்களையும் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே.

இல்லத்தரசிகளுக்கு

மொத்த எடையைப் பார்த்து ஏமாறாமல் நிகர எடையைப் பார்த்து விலை ஒப்பிடுங்கள். உறைக்குள் ஐஸ் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தால், சரக்கு ஒருமுறை இளகி உறைந்திருக்கக்கூடும், தவிர்த்துவிடுங்கள். இளக வைப்பதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் செய்யுங்கள். மீன் உருண்டை, நண்டுக் குச்சி போன்ற தயாரிப்புகளில் மீன் மட்டும் இருப்பதில்லை; சுவைக்காகச் சேர்க்கும் மது கலந்த பொருளும் இருக்கக்கூடும். அங்கே ஹலால் சான்று அவசியம். ஹனஃபி மத்ஹபினர் கணவாய் போன்றவை கலந்த பொட்டலங்களில் தம் மத்ஹபின் சட்டத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

எடை குறைந்தால் கடைக்காரரிடம் நயமாகச் சொல்லுங்கள். மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித்தரும் உரிமையை ஷரீஅத் உங்களுக்குத் தந்திருக்கிறது. என் அக்காள் மகளும் மறுநாள் உறையோடு சென்று சொன்னாள். கடைக்காரர் வாதாடாமல் பணத்தைத் திருப்பித் தந்தார். அந்தச் சரக்கை அனுப்பியவரிடமும் கேட்பதாகச் சொன்னார். ஒரு பெண் தராசில் வைத்துப் பார்த்ததால் நடந்தது இது.

கடலின் உணவை நமக்கு ஆகுமாக்கிய வல்ல ரஹ்மான், அதை நேர்மையாக விற்கவும், நேர்மையாக வாங்கி உண்ணவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.