உங்க ஹாஸ்டலுக்கு ஒரு அக்சஸ் லேயர் டிசைன் பண்ணலாமா?

நாளைக்கு இன்டர்னல் எக்ஸாம். ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டல் முழுக்க நெட் போயிடுது. எல்லோரும் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுறோம். ஆனா காரணம் மூன்றாம் மாடியில் ஒரு கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். யாரோ ஒருத்தர் சின்ன ஸ்விட்ச் ஒன்றில், ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் செருகிட்டாங்க!

கோர், டிஸ்ட்ரிபியூஷன், அக்சஸ் என்று மூன்று அடுக்கு படிச்சிருப்பீங்க. முதல் இரண்டையும் அறையில் வைத்துப் பூட்டிடலாம். அக்சஸ் லேயரின் போர்ட் மட்டும் எல்லோர் கைக்கும் எட்டும். அதனால் யாராவது தப்பு பண்ணுவாங்க என்று எதிர்பார்த்தே இதை டிசைன் பண்ணணும். 4 மாடி, மாடிக்கு 40 அறை உள்ள ஹாஸ்டலை எடுத்துக்குவோம்.

1. போர்ட், தூரம்: ஒரு மாடிக்கு 40 அறை போர்ட், 4 வைஃபை அக்சஸ் பாயின்ட், மொத்தம் 44. ஒரு 48 போர்ட் ஸ்விட்ச் போதும். காப்பர் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது: சுவரில் போவது 90, இரண்டு முனையிலும் பேட்ச் கார்டுக்குச் சேர்த்து 10. கேபிள் வளைந்து ஏறி இறங்கிப் போகும் என்பதால் ரேக்கை மாடியின் நடுவில் வைங்க.

2. அப்லிங்க்: 44 போர்ட்டும் 1 ஜிபிபிஎஸ். மேலே போகும் அப்லிங்க்கும் 1 ஜிபிபிஎஸ் என்றால் விகிதம் 44:1. இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு 20:1. ஒரு 10 ஜிபிபிஎஸ் ஃபைபர் போட்டால் 4.4:1 ஆகிடும். ஒன்று அறுந்தாலும் ஓட, இரண்டாவதும் போடுங்க.

3. பவர்: அக்சஸ் பாயின்ட்டுக்கு கேபிள் வழியாகவே மின்சாரம் போகுது. 802.3ஏடி முறையில் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரை தரும். நமக்கு 120 வாட் போதும். ஆனா 48 போர்ட் இருக்கு என்பதற்காக 48-க்கும் பவர் கிடைக்காது. மொத்த பட்ஜெட் 370 வாட் என்றால், முழு 30 வாட் 12 போர்ட்டுக்குத்தான்.

4. வி-லேன்: ஈதர்நெட் ஃபிரேமில் ஐ.பி. பாக்கெட் மாதிரி டி.டி.எல். கிடையாது. லூப் விழுந்தால் பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹாஸ்டல் முழுக்க ஒரே வி-லேன் என்றால் 160 அறையும் காலி. மாடிக்கு ஒரு வி-லேன் வைத்தால் பாதிப்பு பெரும்பாலும் அந்த 40 அறையோடு நிற்கும்.

5. போர்ட் பாதுகாப்பு: இன்னும் சுருக்கலாம். அறை போர்ட்டுகளில் பிபிடியு கார்டு போடுங்க. ஸ்விட்ச் 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பிபிடியு, லூப்பில் சுற்றி அதே போர்ட்டுக்குத் திரும்பி வந்தால் அந்த போர்ட் மூடிடும். சில மலிவு ஸ்விட்ச்கள் பிபிடியு-வை விழுங்கிடும், அதுக்கு ஸ்டார்ம் கன்ட்ரோல். வீட்டு ரவுட்டரை யாராவது தப்பா செருகினால், அது மற்றவங்களுக்குத் தவறான ஐ.பி. கொடுக்கும். அதைத் தடுக்க டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டு, அப்லிங்க்கை மட்டும் நம்பச் சொல்லுங்க.

இப்போ அந்த எக்ஸாம் ராத்திரியை மறுபடி நினைச்சுப் பாருங்க. கேபிளைச் செருகியவர் அறையில் மட்டும் நெட் போகும். மற்ற 159 அறையும் படிச்சுக்கிட்டே இருக்கும்.

பேக்கெட் ட்ரேசரில் பிபிடியு கார்டு போட்ட போர்ட்டில் இன்னொரு ஸ்விட்ச்சை இணைத்துப் பாருங்க. லிங்க் சிவப்பாகும்போது விஷயம் புரிஞ்சிடும்!